அடுக்கி வரும் ஓசையும் கேட்போர் உள்ளமும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பாகிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே பேச அழைக்கப்பட்ட ஒரு தமிழாசிரியன், மேனாட்டு இசை வகையொன்றைப் பற்றிப் பேசப் புகுவது பொருத்தமோ என்று உங்களிற் சிலர் ஐயுறலாம். நான் சங்கீதம் முறையாகக் கற்றவனல்லன். இராகம் கண்டுபிடிக்கவும் எனக்கு வராது. ஆயினும், ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் என்ன விளைகிறது, கேட்பவர் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்ற வினா இசைக்கு எவ்வளவு உரியதோ, இலக்கியத்துக்கும் அவ்வளவு உரியது. அந்த வினாவை எனக்குள் எழுப்பிவிட்டவன் என் மாணவன் ஒருவன்.

உயர்தரப் பரீட்சை நெருங்கிய நாட்களில் ஒரு மாலை. வகுப்பறையிலே தனியே இருந்து படித்துக்கொண்டிருந்தான். காதிலே இயர்போன். என்ன கேட்கிறாய் என்றேன். ஒரு முனையைக் கழற்றி என்னிடம் தந்தான். நாலைந்து பியானோச் சுரங்கள். அவற்றின் பின்னே மழை பெய்வது போன்றதோர் இரைச்சல். அந்த நாலைந்து சுரங்களே மறுபடியும் வந்தன. அதன் பின்னும் வந்தன. இரண்டு நிமிடம் பொறுத்திருந்துவிட்டு, "தம்பி, பாட்டு எப்ப தொடங்கும்?" என்று கேட்டேன்.

"தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆச்சுது, சேர். இது கேட்கிறதுக்கில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறதுக்கு."

"கேட்கிறதுக்கில்லாததை இசையெண்டு சொல்லாதை" என்று கண்டித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றிரவு அவனுடைய வாக்கியம் என்னை விடவில்லை. 'கேட்கிறது', 'கேட்டுக்கொண்டிருக்கிறது' என்ற இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நான்தான் அவனுக்குக் கற்பித்திருக்கவேண்டும். அவனோ எனக்குக் கற்பித்துவிட்டான். அதன் பின்னரே இவ்விசை பற்றித் தேடி வாசிக்கவும், பொறுமையோடு கேட்கவும் தொடங்கினேன்.

மேனாட்டார் இதனை இரண்டு பெயர்களால் வழங்குகின்றனர். சூழலிலே கலந்து நிற்கும்படி ஆக்கப்பட்ட இசையை 'அம்பியன்ற்' என்பர். ஒரு சிறு ஒலித்துண்டை வளையமாக்கி, சுற்றிச் சுற்றி ஒலிக்கவிட்டு ஆக்குவதை 'லூப்' என்பர். நம் வசதிக்காக முன்னதைச் சூழலிசை என்றும் பின்னதைச் சுழலிசை என்றும் சொல்லிக்கொள்வோம். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் பல இடங்களிலே ஒன்றோடொன்று கலந்து நிற்பன.

இவற்றை விளங்கிக்கொள்ள எனக்குக் கைகொடுத்தது நான் அறிந்த இலக்கணமே. ஒரு சொல் அடுக்கி வருவதைத் தொல்காப்பியர் மூன்றாக வகுக்கிறார். செய்யுளிலே ஓசையை நிறைப்பதற்காக அடுக்குவது இசைநிறை. தனிப்பொருள் எதுவுமின்றி அடுக்கி நிற்பது அசைநிலை. விரைவோ அச்சமோ அவலமோ ஏதேனும் ஒரு பொருள் தோன்ற அடுக்குவது பொருளொடு புணர்தல். அத்தோடு அவர் அமையவில்லை. இசைநிறைக்கு நான்கு தடவை, விரைவைக் காட்டும் சொல்லுக்கு மூன்று தடவை என்று எல்லையும் வகுத்தார். பாம்பைக் கண்டவன் "பாம்பு பாம்பு பாம்பு" என்பான். நான்காவது தடவை சொல்வதற்குள் ஓடிவிடுவான் அல்லவா?

நான்கு தடவைக்கு மேல் அடுக்கினால் என்ன ஆகும்? அப்போது அந்த ஓசை இசைநிறையா, அசைநிலையா, பொருளொடு புணர்ந்ததா? இருபதாம் நூற்றாண்டின் மேனாட்டு இசைக்காரர் சிலர் தம் கேட்போரிடம் வைத்த வினா இதுதான் என்று நான் கருதுகிறேன்.

சுழலிசையின் பிறப்பிடங்களுள் ஒன்று ஒரு வானொலி நிலையம் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். பரிஸ் நகரிலே பிரெஞ்சு வானொலியிற் பணிபுரிந்த பியேர் ஷெவர் என்பவர், 1948 ஆம் ஆண்டு இசைத்தட்டின் தடத்தைச் சுருளாகச் செல்லவிடாது மூடிய வட்டமாக வெட்டினார். ஊசி அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். ஒரே ஒலித்துண்டு முடிவின்றி வரும். பழைய கிராமபோன் தட்டு கீறுப்பட்டு ஒரே அடியைப் பாடிக்கொண்டிருந்தால் எழுந்துபோய் ஊசியைத் தூக்கி வைத்தவர்கள் உங்களுள் இருப்பீர்கள். நாம் பழுது என்று கண்டதை அவர் வழியென்று கண்டார். புகையிரத ஒலிகளைக் கொண்டு ஆக்கிய ஒரு படைப்பையும் அவ்வாண்டிலேயே வானொலியில் ஒலிபரப்பினார்.

சூழலிசையின் கதை அதற்கும் முற்பட்டது. எரிக் சாட்டி என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர், 1866 இலே பிறந்து 1925 இலே மறைந்தவர், 'தளபாட இசை' என்று ஒன்றைக் கற்பனை செய்தார். அறையிலே கதிரையும் மேசையும் கிடப்பதைப் போல இசையும் கிடக்கவேண்டும். யாரும் அதனைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை என்பது அவர் கருத்து. 1920 மார்ச் 8 ஆம் திகதி பரிசில் ஓவியக் கூடமொன்றிலே நாடகத்தின் இடைவேளையில் இதனைப் பரீட்சித்தார். இசையைக் கவனிக்கவேண்டாம், இடைவேளையில் வழமையாகச் செய்வதைச் செய்யுங்கள் என்று முன்கூட்டியே அறிவித்தும் இருந்தனர்.

நடந்தது என்ன? வாத்தியங்கள் ஒலிக்கத் தொடங்கியதும் எழுந்து சென்றவர்கள் ஓடிவந்து தத்தம் ஆசனங்களில் அமர்ந்து வாய்மூடிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பேசுங்கள், நடவுங்கள், கேட்காதீர்கள் என்று சாட்டி அவர்களிடையே சென்று மன்றாடினாராம். பயனில்லை. அவரோடு சேர்ந்து அந்த இசையை அமைத்த டாரியுஸ் மியோ என்பவர் தமது நினைவுக் குறிப்புகளிலே இதனைப் பதிந்திருக்கிறார். இசை ஒலித்தால் அமர்ந்து கேட்கவேண்டும் என்ற பழக்கம், இசையமைத்தவரின் வேண்டுகோளையே தோற்கடித்துவிட்டது.

இனி அதே சாட்டியின் இன்னொரு படைப்பைப் பாருங்கள். 'வெக்சாசியோன்' என்ற பெயரிலே அவர் 1893 ஆம் ஆண்டளவில் எழுதிய பியானோத் துண்டு ஒரே ஒரு பக்கம் கொண்டது. இதனை 840 தடவை வாசிப்பதாயின் முதலிலே அசையாதிருந்து பழகிக்கொள்ளவேண்டும் என்ற கருத்துப்படக் குறிப்பொன்றை அதிலே எழுதிவைத்தார். அது உண்மையான பணிப்பா, வெறும் குறும்பா என்று இன்றும் வாதிடுவோர் உளர். அவர் மறைந்து 24 ஆண்டுகளின் பின், 1949 இலேதான் அது அச்சேறியது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜ் அதனை உண்மையாகவே எடுத்துக்கொண்டார். 1963 செப்ரெம்பர் 9 ஆம் திகதி மாலை, நியூயோர்க்கின் சிறிய நாடக அரங்கொன்றிலே, ஒருவர் மாறி ஒருவராகப் பல பியானோக் கலைஞர்கள் அமர்ந்து 840 தடவையும் வாசித்தனர். முடிய 18 மணித்தியாலமும் 40 நிமிடமும் ஆயின.

அனுமதிச் சீட்டு 5 டொலர். ஆனால் ஒருவர் இருந்து கேட்கும் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 5 சதம் திருப்பிக் கொடுக்கப்படும். கலையை அதிகம் நுகர்பவருக்குச் செலவு குறையவேண்டும் என்பது கேஜின் வேடிக்கையான நியாயம். கணக்கிட்டுப் பார்த்தேன்: முழுவதையும் கேட்பவருக்கு 56 தடவை 5 சதம், அதாவது 2 டொலர் 80 சதம் மீளக் கிடைக்கும். வந்தவர் பலர், போனவரும் பலர். கடைசி வரை இருந்து கேட்டவர் ஒருவரே என்பர். நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குச் சென்று உறங்கி எழுந்தபோது உலகமே புதிதாகத் தோன்றியதாகக் கேஜ் பின்னர் கூறியிருக்கிறார்.

இவ்விடத்திலே நாம் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். 840 தடவையும் தாளிலுள்ள சுரங்கள் மாறவில்லை. மாறியவர் கேட்டவர்தான். முதற் தடவை கேட்டவனும் எண்ணூறாவது தடவை கேட்டவனும் ஒரே ஆளல்லன். அடுக்கின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது.

எல்லா அடுக்கும் இப்படி மனிதரை மாற்றுமா என்றால், இல்லை. 1934 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட 'மியூசாக்' என்ற அமெரிக்க நிறுவனம், தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கம்பி வழியே பின்னணி இசை வழங்கியது. பின்னாளிலே அந்த இசை 15 நிமிடப் பகுதிகளாக அமைக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியிலும் விறுவிறுப்பு சிறிது சிறிதாகக் கூடும். தொழிலாளி அறியாமலே அவனது கை விரைவுபடவேண்டும் என்பது நோக்கம். இதனை அசைநிலை என்று நான் வகைப்படுத்துவேன். கேட்பவனுக்கு அங்கே பொருளில்லை. பொருள் முதலாளிக்கு மட்டுமே உண்டு.

எதிர்ப்பக்கத்தையும் நோக்குவோம். ஸ்டீவ் றைஷ் என்னும் அமெரிக்க இசையமைப்பாளர், சன்பிரான்சிஸ்கோ நகரச் சதுக்கமொன்றிலே போதகர் ஒருவர் நோவாவின் பிரளயத்தைப் பற்றி முழங்கியதை 1964 இலே ஒலிப்பதிவு செய்தார். மழை வரப்போகிறது என்ற ஒரு சிறு கூற்றை வெட்டி வளையமாக்கி, இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகளில் ஒருங்கே ஓடவிட்டார். இரண்டு கருவிகளின் வேகத்திலும் மயிரிழை வேறுபாடு இருந்தது. ஒன்று மெல்லப் பின்தங்க, ஒரே குரல் இரண்டாகி, எதிரொலியாகி, ஈற்றிலே சொல் கரைந்து வெறும் தாளமாயிற்று. 1965 இலே வெளிப்பட்ட இப்படைப்பிலிருந்து அவர் நெடுந்தூரம் நடந்தார்.

1973 ஜனவரியிலே அவருடைய 'நான்கு ஓர்கன்கள்' என்ற படைப்பு நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்திலே இசைக்கப்பட்டது. நான்கு மின் ஓர்கன்கள். கூடவே கிலுகிலுப்பை போன்ற மரக்காஸ். ஒரே சுரக்கூட்டு, அது சிறிது சிறிதாக நீண்டுகொண்டே போகும், வேறொன்றும் நடவாது. வழமையான இசை கேட்க வந்திருந்தவர்கள் பொறுமை இழந்தனர். கூச்சலிட்டனர், நேரத்துக்கு முன்பே கைதட்டி நிறுத்தப் பார்த்தனர். மூதாட்டி ஒருவர் மேடையருகே வந்து நிறுத்தும்படி ஓலமிட்டதாக, அன்று வாசித்தவர்களுள் ஒருவரான மைக்கல் ரில்சன் தோமஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். 1920 இலே கேட்காதீர்கள் என்றதும் அமர்ந்து கேட்டார்கள். 1973 இலே கேளுங்கள் என்றதும் எழுந்து கத்தினார்கள். இசைக்காரர் நினைத்தது ஒன்று. கேட்போர் கொண்டது வேறொன்று.

அந்த மூதாட்டியை நான் எள்ளமாட்டேன். எங்களுடைய தம்பூராவை எண்ணிப் பாருங்கள். கச்சேரி முழுவதும் அது ஒரே சுருதியை மீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்காக யாரும் கைதட்டுவதில்லை, கோபிப்பதுமில்லை. ஏனெனில் அதற்குமேல் ஒரு பாட்டு வரும் என்று நமக்குத் தெரியும். பாட்டே வராமல் தம்பூரா மட்டும் இரண்டு மணித்தியாலம் ஒலித்தால் நம்மவரிலும் எத்தனை பேர் அமர்ந்திருப்பர்? லா மொன்ற் யங், டெரி றைலி ஆகிய அமெரிக்கர் அவ்வாறு அமர்ந்திருக்கத் துணிந்தவர்கள். வட இந்தியப் பாடகரான பண்டிதர் பிரான் நாத் 1970 இலே அமெரிக்கா சென்றபோது அவரிடம் மாணாக்கராய் அமர்ந்து கற்றார்கள். தம்பூராவின் நீண்ட ஒலியே தனக்குள் ஓர் உலகம் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இனி, சூழலிசை என்னும் பெயருக்கே பொறுப்பானவரான பிரையன் ஈனோவிடம் வருவோம். 1975 ஜனவரியிலே லண்டனில் டாக்சி ஒன்று மோதிக் காயமுற்றுப் படுக்கையிலே கிடந்தார். பார்க்க வந்த சிநேகிதி யாழ் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் போன பின்னர் அந்தத் தட்டு மிகக் குறைந்த ஒலியிலே சுழன்றது. ஒலிபெருக்கிகளுள் ஒன்று வேலை செய்யவில்லை. எழுந்து கூட்டிவைக்க உடலிலே வலுவில்லை. வெளியே மழை. மழையொலியின் இடையிடையே யாழின் உரத்த சுரங்கள் மட்டும் மிதந்து வந்தனவாம். முதலிலே சலிப்புற்றவர், பின்னர் இசை அறையின் வெளிச்சத்தைப் போலவும் மழையைப் போலவும் இருக்கலாம் என்று உணர்ந்ததாக எழுதியிருக்கிறார்.

1978 இலே அவர் 'விமான நிலையங்களுக்கான இசை' என்ற தட்டை வெளியிட்டார். மியூசாக்கைப் போல மனிதரை உந்தித் தள்ளாமல், கவனித்தால் சுவை தந்து, கவனியாவிட்டால் ஒதுங்கி நிற்கும் இசையே தமது குறிக்கோள் என்றார். அதன் ஒரு பகுதி மனிதக் குரல்களால் ஆனது. ஒவ்வொரு குரலும் ஒரு சுரத்தை மட்டும் நீட்டிப் பாடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீள நாடாவிலே வளையமாகச் சுற்றும். நாடா மிக நீளமாகையால், ஜேர்மனியிலே கொலோன் நகருக்கு அண்மையிலிருந்த கலையகத்தில் கதிரைக் கால்களைச் சுற்றி அதனை ஓடவிட்டார்களாம். ஒன்று சுற்றிவர ஏறத்தாழ 23½ செக்கன், இன்னொன்று 25⅞ செக்கன், வேறொன்று 30 செக்கனுக்கு ஒரு செக்கனின் பதினாறிலொரு பங்கு குறைவு என்று ஈனோ பின்னர் ஒரு பேச்சிலே கூறினார்.

இந்தக் கணக்கைப் பஞ்சாங்கம் அறிந்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். கிழமை ஏழு நாளில் ஒரு முறை சுற்றுகிறது. நட்சத்திரம் ஏறத்தாழ இருபத்தேழு நாளில் ஒரு முறை சுற்றுகிறது. வெள்ளிக்கிழமை அடிக்கடி வரும். ரோகிணியும் அடிக்கடி வரும். ஆனால் வெள்ளியும் ரோகிணியும் கூடிவர நெடுநாள் செல்லும். ஈனோவின் வளையங்களும் அவ்வாறே. அவர் சொன்ன மூன்று நீளங்களையும் வைத்து நான் பெருக்கிப் பார்த்தேன். மூன்று குரல்களும் தொடங்கிய அதே நிலையிலே மீண்டும் கூடிவருவதற்குக் கிட்டத்தட்ட 27 நாட்கள் ஆகும். ஒவ்வொரு குரலும் சொன்னதையே சொல்கிறது. சேர்ந்து கேட்கும்போதோ ஒருபோதும் சொன்னதைச் சொல்வதில்லை. இசைநிறை என்பதன் உண்மையான பொருளை இங்கேதான் கண்டேன்.

இந்த இசைக்கும் சாட்டிக்கு நேர்ந்ததே நேர்ந்தது. நியூயோர்க்கின் லாகார்டியா விமான நிலையத்தின் ஒரு பகுதியிலே சில காலம் அது ஒலித்தது உண்மை. ஆனால் 1998 இலே 'பாங் ஒன் எ கான்' என்ற இசைக்குழுவினர் அதனை வாத்தியங்களுக்கு ஏற்ப எழுதி வாசித்துத் தட்டாகவும் வெளியிட்டனர். கவனிக்காதிருக்கவும் இடம்தந்த இசை, மனிதர் அமர்ந்து கேட்டுக் கைதட்டும் இசையாயிற்று.

நேயர்களே, மூன்றாவது வகையான பொருளொடு புணர்தலுக்கு இனி வருகிறேன்.

வில்லியம் பசின்ஸ்கி என்பவர் 1980களின் தொடக்கத்திலே சிறு சிறு நாடா வளையங்களைச் செய்து வைத்திருந்தார். 2001 ஆம் ஆண்டு கோடையிலே, நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள தமது வீட்டில், பழைய நாடாக்கள் அழியுமுன் அவற்றைக் கணினிக்கு மாற்ற எண்ணினார். ஒலிநாடா என்பது பிளாஸ்ரிக் பட்டியின்மீது இரும்பு ஒட்சைட்டுத் தூள் பூசப்பட்டது. ஒலி தங்கியிருப்பது அந்தத் தூளிலேதான். நாடா சுற்றச் சுற்ற, பழைய பூச்சு உதிரத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் ஓசையிலே சிறு சிறு பொத்தல்கள் விழுந்தன. காப்பாற்ற எடுத்த முயற்சியே அதனைக் கரைத்தது. பசின்ஸ்கி கருவியை நிறுத்தவில்லை. கரைவதையே பதிவு செய்தார். முதற் பகுதி மட்டும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஓடும்.

அந்த ஆண்டு செப்ரெம்பர் 11 ஆம் திகதி உலக வர்த்தக மையக் கோபுரங்கள் வீழ்ந்தன. அன்று அவரும் நண்பர்களும் வீட்டுக் கூரைமீது நின்று பார்த்தனர். மாலையிலே, புகை எழுந்துகொண்டிருந்த வானத்தை ஒளி மங்கும்வரை படம்பிடித்து, பின்னர் அதனோடு இந்த இசையைச் சேர்த்தார். இறந்தோருக்கு அதனைக் காணிக்கையாக்கி 'சிதையும் வளையங்கள்' என்ற பெயரிலே 2002, 2003 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். பத்தாண்டு நிறைவான 2011 செப்ரெம்பர் 11 இலே, நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில், எகிப்திலிருந்து கொண்டுவந்து நிறுவப்பட்ட பழங்கோயிலின் முன்னே வாத்தியக் குழுவொன்று அதனை வாசித்தது.

இலக்கிய மாணவன் இங்கே ஒரு கேள்வி கேட்கவேண்டும். அந்த நாடாக்கள் பதிவானது கோபுரங்கள் விழுவதற்கு இருபது ஆண்டுகளின் முன்னர். உதிர்ந்ததும் அதற்கு முன்னரே. ஆகவே அந்த ஓசையிலே செப்ரெம்பர் 11 இல்லை. அதனைக் கேட்டுக் கண்ணீர்விட்டவர்கள் ஏமாந்தவர்களா? இல்லாத பொருளை ஏற்றிக்கொண்டார்களா? பல ஆண்டுகளாக நான் வகுப்பிலே "புலவர் கருதாத பொருளைப் புகுத்தாதே" என்று மாணவரைத் தடுத்து வந்தவன். அந்த விதிப்படி அவர்கள் பிழை விட்டவர்களே. அண்மையிலே என் வீட்டில் நடந்த ஒன்று அந்த விதியை அசைத்துவிட்டது.

எங்கள் வீட்டிலே ஒரு பழைய கசற் இருந்தது. 1994 ஆம் ஆண்டு, கனடாவிலிருந்த மாமாவுக்காக அம்மம்மா பேசிய கசற் அது. யாழ்ப்பாணத்திலே மின்சாரமில்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னிலே ரேடியோவும் கசற்றும் இயக்கிய கதை உங்களிற் பலருக்குத் தெரியும். அன்று பெடல் சுற்றியவன் நான். எழுதப் படிக்க அதிகம் அறியாத அம்மம்மா, கருவியைத் தொலைபேசி என்று நினைத்தாரோ என்னவோ, "மோனை, சாப்பிட்டியோ?" என்று கேட்டுவிட்டு, மறுமொழிக்காகப் பேசாமல் இருந்தார். பிறகு ஊர்ப்புதினம் ஏதோ சொன்னார். மறுபடியும் "சாப்பிட்டியோ?" மறுபடியும் மௌனம். கசற் முழுவதும் இப்படியே. கொழும்புக்குப் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று வைத்திருந்தோம். அனுப்பக் கிடைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் உடுப்புப் பையோடு அதுவும் எங்களோடு வந்தது. அம்மம்மா அதன்பின் நெடுங்காலம் இருக்கவில்லை.

பசின்ஸ்கியைப் பற்றி வாசித்த பின்னரே அந்தக் கசற்றின் நினைவு வந்தது. ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையொன்றிலே பழைய கசற் கருவி ஒன்றை இரவல் வாங்கினேன். கணினியோடு தொடுத்துப் பிரதி எடுக்க எனக்குத் தெரியாது. அதே மாணவனைத்தான் அழைத்தேன். கசற் ஓடியது. அம்மம்மாவின் குரல் வெகு தொலைவிலிருந்து வந்தது. 'சாப்பிட்டியோ' என்பதன் முற்பகுதி பல இடங்களில் தேய்ந்து, '-ட்டியோ' என்பது மட்டும் எஞ்சி நின்றது. ஓடி முடிந்து பார்த்தபோது கருவியின் தலையிலே செம்மண் போன்ற தூள் ஒட்டியிருந்தது. இன்னொரு தடவை அதனை ஓடவிட எனக்குத் துணிவு வரவில்லை.

மாணவன் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "சேர், குரலுக்குப் பின்னாலை ஒரு சத்தம் விடாமல் சுத்திக்கொண்டிருக்குது. ஏறி ஏறி இறங்குது. ஒரு நிமிசத்திலை எடுத்துவிடலாம். எடுக்கட்டோ?"

அவன் சொல்வது என்னவென்று உடனே எனக்கு விளங்கவில்லை. அவன் மறுபடி போட்டுக் காட்டினான். சைக்கிள் சில்லின் ஓசை. டைனமோவின் இரைச்சல். கை களைக்கும்போது இறங்கி, அம்மா பார்த்த பார்வையிலே மறுபடி ஏறிய ஓசை.

"வேண்டாம், தம்பி. அது நான்" என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் தொடக்கத்திலிருந்து மறுபடி கேட்டான். இம்முறை கேட்டுக்கொண்டிருக்கவில்லை, கேட்டான்.

நேயர்களே, ஒரே ஓசை. அவனுக்கு முதலிலே அது அசைநிலை, நீக்கிவிடத்தக்கது. அம்மம்மாவுக்கு, அன்று, அது குரல் போய்ச் சேர உதவிய இசைநிறை. எனக்கோ அது பொருள். சில்லு மாறவில்லை. அதனை அறிந்தவர், அறியாதவர் என்ற வேறுபாடே மூன்றையும் பிரித்தது. நான் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டபின் அவனுக்கும் அது பொருளாயிற்று. அந்த ஓசையிலே முன்பு இல்லாத ஒன்றை அவன் புகுத்தினானா? இல்லை; அது தங்குவதற்கு வேண்டிய இடம் அதிலே முன்பே இருந்தது. அடுக்கி வரும் ஓசை தானாக எதையும் அதிகம் சொல்வதில்லை. சொல்லாமல் விட்ட இடத்திலேதான் கேட்பவர் தம் வாழ்வைக் கொண்டுவந்து வைக்கிறார். பசின்ஸ்கியின் கேட்போர் செய்ததும் அதுதான்.

இதனை நம் முன்னோர் அறியாதிருக்கவில்லை. அந்தாதி என்னும் யாப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் தொடக்கமாகும். இறுதிப் பாடலின் ஈறு முதற்பாடலின் தொடக்கத்தோடு சென்று பொருந்தும். அதனை மண்டலித்தல் என்றார்கள். வளையம் என்பதற்கு இதைவிட நல்ல சொல் வேண்டுமா? ஓதி முடித்தவன் தொடங்கிய சொல்லுக்கே வந்து சேர்கிறான். சொல் அதேதான், ஆனால் நூறு பாடல்களைக் கடந்துவந்தவன் அவன். அதற்காக, கேட்பவர் எதையும் ஏற்றிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. மியூசாக்கின் 15 நிமிடங்கள் நம்மை அறியாமலே நம்மை ஓட்ட வந்தவை. அவற்றை இனங்காணும் விழிப்பும் நமக்கு வேண்டும். கார்னகி மண்டபத்து மூதாட்டியின் சினத்திலே ஒரு நேர்மை இருந்தது. அவர் கேட்டுத்தான் சினந்தார்.

இப்பொழுதெல்லாம் வகுப்பிலே அடுக்குத்தொடர் கற்பிக்கும்போது ஓசை நிறைக்க வந்தது என்று சொல்லி அடுத்த பாடத்துக்கு ஓடிவிடுவதில்லை. யார் சொல்கிறார், யாருக்கு, எத்தனையாவது தடவை என்று கேட்கச் சொல்கிறேன். அந்தக் கசற் அலுமாரியிலே இருக்கிறது. அதன் பிரதியை மாமாவுக்கு அனுப்பிவைத்தேன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிந்திப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

"சாப்பிட்டனான் எண்டு சொன்னன்" என்று எழுதியிருந்தார்.